ஒரு சாண் குறைத்துப் பின்னியது

என் தங்கை புருஷன், எங்கள் மாப்பிள்ளை, புதுச் சாட்டை பின்னச் சொல்லி என் பட்டறைக்கு வந்தவர், போகும்போது என் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருடையது கறுப்பு, என்னுடையது சிவப்பு. மறதி என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான், பழைய சாட்டையில் எங்கே பின்னல் விட்டிருக்கிறது என்று நான் கேட்டபோது, அவர் கண்ணால் தேடாமல் கட்டைவிரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்ததைப் பார்த்திருந்தேன். வாசலில் நின்றபடியே, உள்ளே தொங்கும் சாட்டையில் ஒரு வார் தளர்ந்திருப்பதைச் சொல்லி என் மானத்தை வாங்கிய மனுஷன் அவர்.

அவர் சர்க்கஸில் சாட்டை வீசுகிறவர். என் தங்கை ஒரு சாண் நீளக் காகிதப் பட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்து நிற்பாள். அவர் ஐந்து எட்டு எடுத்து வைத்துத் தள்ளி நின்று பக்கவாட்டில் வீசுவார். சாட்டையின் நுனி அவள் மூக்குக்கு நாலு விரற்கடை முன்னால் பறந்து காகிதத்தை அறுத்துக்கொண்டு போகும். பதினாறு வருஷமாக இதுதான் அவர்கள் பிழைப்பு. பதினாறு வருஷமும் சாட்டை பின்னிக் கொடுத்தவன் நான். கூட்டம் கைதட்டும்போதெல்லாம் நான் மட்டும் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன்.

மறுநாளே தங்கையைப் பிடித்தேன்.

"அவருக்குக் கண்ணு சரியில்லம்மா."

"யாரு சொன்னா? நல்லாத்தான் இருக்காரு. உனக்கு எதுலயாவது குத்தம் கண்டுபிடிக்கலன்னா தூக்கம் வராதே."

"என் செருப்ப மாட்டிட்டுப் போறாரும்மா!"

"அவரோடத விட நல்லா இருந்திருக்கும்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் பார்த்துக்கறேண்ணே. நீ சாட்டையப் பின்னு."

அவளிடம் வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. எனக்கோ கோபம் வந்தால் வாய் கட்டிக்கொள்ளும், கைதான் ஓடும். அன்றைக்கே தோலை ஊறப்போட்டேன்.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாட்டையை வீசுகிறவர் தேர்ந்தெடுக்கக் கூடாது, எதிரே நிற்கிறவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முகம் யாருடையதோ அவர்களுக்குத்தான் அந்த உரிமை. அதனால் இரண்டு சாட்டை பின்னினேன். ஒன்று வழக்கமான பத்தடி. அதை அவள் வேண்டாம் என்று தள்ளட்டும் என்றே, இழுத்துப் பிடித்து விறைப்பாக முடித்தேன். இன்னொன்றுக்கு இருப்பதிலேயே நல்ல தோலை எடுத்து, பன்னிரண்டு வாரும் ஒரே அகலம் வரும்படி அறுத்து, ஓரம் சீவி, கொழுப்புத் தடவிப் பின்னினேன். நுனிப் பக்கம் போகப் போக வார்களைக் குறைத்து நாலில் கொண்டு வந்து நிறுத்தினேன். பலகைக்கு அடியில் வைத்து உருட்டினேன். தண்ணீர் ஓடுகிற மாதிரி கையில் ஓடியது. அதன் நீளத்தில் மட்டும் ஒரு சாண் குறைத்தேன்.

என் கணக்கு சுலபமானது. சாட்டை எட்டாது. ஒத்திகையில் நாலு தடவை காகிதம் அறுபடாவிட்டால் மாப்பிள்ளையே தன் கண்ணைச் சந்தேகப்படுவார், டாக்டரிடம் போவார், என் தங்கை முகம் தப்பிக்கும். அளந்து பார்க்கப் பழைய சாட்டையும் அவர்களிடம் இல்லை. அது என் பட்டறையில் பிரிந்து கிடந்தது. பெரிய புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒத்திகை அன்று காலையில் கூடாரத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். தங்கை இரண்டு சாட்டைகளையும் மணிக்கட்டின் மேல் போட்டு வழுக்க விட்டாள். விறைப்பானதை உடனே என்னிடம் நீட்டினாள். மற்றதை இன்னொரு தடவை ஓடவிட்டாள்.

"இதுதான். என்னமா இருக்குண்ணே! பத்தடிதானே?"

"பத்தடியேதான்," என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

மாப்பிள்ளை அவள் முன் நின்று, முதுகைத் திருப்பி, ஐந்து எட்டு எண்ணி நடந்து, திரும்பினார். வீசினார். சத்தம் நன்றாகத்தான் வெடித்தது. காகிதம் அசையவில்லை. உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்போதுதான் தங்கையின் கால்களைப் பார்த்தேன். மணலில் சத்தமே வராமல் ஒரு பாத நீளம் முன்னால் நகர்ந்தன. தடுமாற்றமே இல்லை, தினமும் செய்து பழகிய நகர்வு. 'நான் பார்த்துக்கறேன்' என்று அவள் சொன்னதன் அர்த்தம் எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. அவர் கண் எவ்வளவு மங்கியதோ அவ்வளவுக்கு இவள் காகிதத்தைக் கொண்டுபோய்ச் சாட்டைக்குக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அதே நேரத்தில் மாப்பிள்ளையும், நுனி எதிலும் படவில்லை என்று கைக்குத் தெரிந்துவிட்டதால், அரை அடி முன்னால் காலை வைத்தார். இவள் நகர்ந்தது அவருக்குத் தெரியவில்லை. காகிதத்தைச் சரிசெய்யக் குனிந்திருந்த இவளுக்கு அவர் நகர்ந்ததும் தெரியவில்லை. எனக்கு இரண்டும் தெரிந்தது. கத்தியிருக்க வேண்டும். பாழாய்ப்போன வாய் திறக்கவில்லை. அவர் கை எழுந்துவிட்டது.

நுனி தங்கையின் முகத்தைக் கிழித்துக்கொண்டு போனது. ஒரு கையால் இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். காயம் கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே. மறு கையால் காகிதத்தை வாயிலிருந்து எடுத்து, பல்லில் வைத்து இரண்டாகக் கிழித்து, மேலே தூக்கிப் போட்டாள்.

"அறுந்துடுச்சுங்க!" என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. ரத்தம் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை அவளையே பார்த்துச் சிரித்தார். "மச்சான் கைன்னா கைதான்!"

தங்கை என்னைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்று தலையாட்டினாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சாட்டைய ஒரு சாண் குறைச்சுப் பின்னிட்டேன் மாப்பிள்ள," என்றேன். "போய் அவ கன்னத்தத் தொட்டுப் பாருங்க."

அவர் கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்து வந்தார். அவள் ஓர் அடி பின்வாங்கினாள், பிறகு நின்றுவிட்டாள். அவர் விரல்கள் அவள் கையைக் கண்டுபிடித்து, விலக்கி, கன்னத்தைத் தொட்டன. நனைந்த விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"ஒரு சாண் குறைஞ்ச சாட்ட கன்னத்துல படுதுன்னா... எத்தன நாளா நீ நகர்ந்து குடுக்கற?" என்று கேட்டார்.

அவள் கன்னத்தை மறுபடி பொத்திக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள்.

"பதினாறு வருஷத்துல இன்னைக்குத்தாண்ணே எனக்கு அடி பட்டிருக்கு," என்றாள். "அதுவும் உன்னால."