போன் மூடியில் ஒரு சிவப்புக் கோடு

அக்காவின் போனில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. பின்மூடியும் போனும் சேரும் இடுக்கின் மேல் நெயில் பாலிஷால் இழுத்த சின்னக் கோடு. அது எதற்கென்று எங்கள் வீட்டில் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். பாட்டில் கழுத்தில் சீல் ஒட்டுவதும், ஒட்டிய சீல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் அவள் வேலை. சீல் உடைந்திருந்தால் பாட்டிலை யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், மறுபேச்சில்லாமல் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். வேலையை விட்டு வந்தாலும் அந்தக் கண் அவளை விடவில்லை. பால் பாக்கெட்டைக்கூட ஓரம் பார்த்துத்தான் வாங்குவாள்.

சந்தேகம் தொடங்கியது அத்தானால்தான். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பல் தேய்க்கும் பிரஷ் மொட்டையாகும்வரை அதை விடமாட்டார். பிய்ந்த செருப்புக்கு ஒயர் கட்டி நடப்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பிடும்போது, "அந்தப் பழைய போனை என்கிட்ட குடு. கடையில போட்டுட்டுப் புதுசு வாங்கித் தர்றேன்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

"எதுக்குங்க? நல்லாத்தானே ஓடுது."

"எங்க ஓடுது? பாதி சார்ஜ்லயே படுத்துக்குது."

அவர் வேலைக்குக் கிளம்பியதும் அக்கா போனைத் திருப்பினாள். மூடியின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தை வைத்து நெம்பினால் திறக்கிற பழைய மாடல். திறந்தால் பேட்டரி, அதற்கடியில் மெமரி கார்டு.

"யாரோ திறந்திருக்காங்க" என்றாள்.

"என்ன இருக்கு அதுல?"

"ஒண்ணும் இல்ல. இல்லாததைத்தான் தேடறாரு. அதான் எனக்கு எரியுது."

அன்றுதான் கோடு வந்தது. மறுநாள் பார்த்தால் கோட்டின் நடுவில் விரிசல். சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டாள். அதுவும் உடைந்தது. அத்தான் குளிக்கப் போனாலும், தலைமாட்டுப் பக்கம் போனாலும், அக்காவின் கண் அவர் கை நகத்திலேயே இருந்தது. சிவப்புத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். கிரீஸ்தான் இருந்தது.

"கிரீஸ் இருந்தா பாலிஷ் தெரியுமா? விவரமான ஆளு" என்றாள்.

கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள். இரண்டு புடவையை மடித்து வைத்தாள். "என்னை நம்பாத மனுஷனோட எப்படி இருக்கறது? கையும் களவுமாப் பிடிச்சுட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீயும் வா." பை மறுபடி கட்டிலுக்கடியில் போனது. ஒவ்வொரு தடவை கோடு உடையும்போதும் அதில் ஏதாவது ஒன்று சேர்ந்தது. நல்ல சீப்பு போனபோது எனக்குப் பயமாகிவிட்டது.

இதற்கிடையில் அத்தான் வெளியூரில் ஒரு லிஃப்ட் மாட்டப் போனார். அக்கா போனைத் தலையணைக்கடியில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துத் தூங்கினாள். காலையில் எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

கோடு உடைந்திருந்தது.

வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"ஊமைக்கோட்டான்." செல்லமாகவும் கூப்பிடுவாள், இது அப்படியில்லை. "அவர் சொல்லித்தான் செய்யறியா?"

"நான் தொடவே இல்லக்கா."

"தொடாம எப்படி உடையும்? பேயா வந்து திறக்குது?"

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டவள் அவள். அவள் குளிக்கப் போனபோது போன் சாப்பாட்டு மேஜையில் மல்லாந்து கிடந்தது. நான் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒரு அழைப்பு வந்தது. அதிர்ந்த போன் இருந்த இடத்தில் நிற்கவில்லை. சோம்பேறிப் பம்பரம் மாதிரி ஒரு பக்கமாகச் சுற்றி நின்றது.

தட்டையான சாமான் எப்படிச் சுற்றும்?

அக்கா ஈரத் தலையோடு வந்ததும் சொன்னேன். அவள் நம்பவில்லை. "கதை விடாத" என்றாள். ஆனாலும் விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். போன் சுற்றியது.

"உள்ள எதையோ வச்சுட்டாங்க" என்றாள் மெல்லிய குரலில். "நான் பேசறதைக் கேக்கறதுக்கு."

கடைத்தெருவில் போன் ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் போனை வாங்கிப் பார்த்ததும், "இதை இன்னுமா வச்சிருக்கீங்க? புதுசு வாங்கிடுங்கம்மா" என்றார்.

அக்காவின் முகம் இறுகியது. "எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட வந்தாரா?"

"யாரும்மா?"

"லிஃப்ட் மெக்கானிக். கையெல்லாம் கிரீஸா இருக்கும்."

"எங்கிட்ட வர்றவங்க கையைப் பாத்தா நான் போனை எப்பப் பாக்கறது?" என்றவர் மூடியில் கை வைத்தார். "இது என்ன, சிவப்பா?"

"நீங்க திறங்க."

அவர் நெம்பவே வேண்டியிருக்கவில்லை. மூடி தானாக எழும்பி வந்தது. உள்ளே பேட்டரி, குட்டித் தலையணை மாதிரி உப்பியிருந்தது. கடைக்காரர் சட்டென்று பேச்சைக் குறைத்துக்கொண்டு, அதைக் குத்திவிடாமல் பதமாக எடுத்து ஒரு தகர டப்பாவில் வைத்தார்.

"இதைத் தலைமாட்டுலயா வச்சுத் தூங்கினீங்க?"

அக்கா டப்பாவிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"சில சமயம் தீப்பிடிச்சுக்கும்மா. நாளுக்கு நாள் உப்பும், மூடியைத் தள்ளிட்டே வரும்."

"வெளியிலேர்ந்து யாரும் திறக்கல?"

"எதுக்குத் திறக்கணும்? அதுவே திறந்துக்குது."

அக்கா கழற்றிய மூடியை எடுத்துப் பார்த்தாள். கோடு உடைந்திருந்த இடமும் பேட்டரியின் தொப்பை எழும்பியிருந்த இடமும் ஒன்றுதான். தனக்குத்தானே சொல்வதுபோல, "வெயில் காலத்துல சில பாட்டில் உள்ளுக்குள்ளயே பொங்கி சீல் உடையும். அதையும் நாங்க தனியாத்தான் எடுத்து வைப்போம்" என்றாள். பிறகு என் தோளைத் தொட்டாள்.

"பேட்டரி மாத்தினா போதுமா?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

"பேச, மெசேஜ் பாக்க போதும். ஆனா இதுக்கு அப்டேட் வர்றது நின்னு போச்சு. பேங்க் சமாச்சாரமெல்லாம் இதுல வச்சுக்காதீங்க. அது வேணும்னா புதுசுதான். ஒண்ணு சொல்றேன், இப்ப வர்ற போன்ல பேட்டரியை ஒட்டியே வச்சிருப்பான். இந்த மாதிரி நகத்தால திறக்க முடியாது."

நகத்தால் திறக்க முடியாது என்றதும் அக்கா ஒரு கணம் யோசித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். பிறகு, "பேட்டரியே போடுங்க" என்றாள்.

மறுநாள் அத்தான் வந்தார். சாப்பிடும்போது பக்கத்தில் கிடந்த போனைத் திருப்பிப் பார்த்தார். மூடி பொருந்தியிருந்தது, கோடு இல்லை.

"இனிமே ஒட்ட வேண்டாம் போல."

அக்காவின் கரண்டி நின்றது. "எதை?"

"நெயில் பாலிஷால மூடியை ஒட்டி ஒட்டித்தானே ஓட்டிட்டிருந்த? அது தினம் பிச்சுக்கும், நீ தினம் ஒட்டுவ. பாக்கவே பாவமா இருக்கும். என்னைப் பாத்து நீயும் கஞ்சமாயிட்டியேன்னுதான் புதுசு வாங்கலாம்னு சொல்லிட்டே இருந்தேன்."

நான் தண்ணீர் டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"ஆமா" என்றாள் அக்கா. "வேற என்னத்தை வச்சு ஒட்டறது."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். தெரியாமல் சிரித்தாரா, தெரிந்துகொண்டு விட்டுக்கொடுத்தாரா என்று பிடிபடவில்லை.

அவர் கை கழுவப் போனதும் அக்கா அறைக்குள் போனாள். ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். புடவைகள் அலமாரிக்குப் போய்க்கொண்டிருந்தன. சீப்பு கண்ணாடிக்கு முன்னால் இருந்தது.

"என்ன பாக்கற, ஊமைக்கோட்டான்?" இது பழைய செல்லக் குரல்.

"ஒண்ணும் இல்ல."

"அவர்கிட்ட ஏதாவது உளறுவியா?"

நான் தலையாட்டினேன், இல்லையென்று. அது அவளுக்குப் போதவில்லை போலிருந்தது. நெயில் பாலிஷ் சீசாவைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நீயே வச்சுக்க. நல்ல கலர்."

நான் நகத்துக்குப் பாலிஷ் போடுவதில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.