எந்த ‘வுடு’?

1

இந்தக் கதை திருட்டு. என் அக்கா மகள் கணினிக்கு நிரல் எழுதுகிறாள். அந்த நிரல் மொழியின் புதிய பதிப்புக்கு மாறிய அன்று, திரும்பத் திரும்ப நடந்து ஓரிடத்தில் நிற்க வேண்டிய வேலை நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததாம். “நான் ஒரு எழுத்தக்கூட மாத்தல மாமா. அதே வார்த்தைதான். அர்த்தத்த மாத்திட்டாங்க” என்று புலம்பினாள். நல்ல கதை. ஆனால் நிரலைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதனால் கதையைத் தூக்கிக்கொண்டு நெய்வேலிக்கு, 1962க்கு வந்துவிட்டேன். (அந்த ஊரிலாவது எனக்கு வழி தெரியும்.)

2

முதல் வரி: ‘சுரங்கத்தின் மேல் சூரியன் மெல்ல –’

வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

வீரம்மாளிடம் தொடங்குகிறேன். முத்தாண்டிக்குப்பத்துக்காரி. களிமண் வெட்டும் காண்ட்ராக்டில், பள்ளத்தின் அடியில் நின்று சிக்னல் கொடுப்பவள். மண் தொட்டியைத் தண்டவாளச் சரிவில் மேலே இழுக்கும் விஞ்சு ஹிதாயத்துல்லா பாய் கையில். அவள் மணிக்கயிற்றை இரண்டு தரம் இழுத்தால் தொட்டி ஏறும், மூன்று தரம் இழுத்தால் இறங்கும், ஒரு தரம் என்றால் அப்படியே நிற்கும். நிரப்பு, ஏற்று, கொட்டு, இறக்கு, மறுபடி நிரப்பு. ஷிப்ட் முழுக்க இதுதான்.

பிறகு டெலிபோன் வந்தது. சூப்பர்வைசர் சிங்காரவேல் மணியைக் கழற்றினார்.

“இனிமே வாயால சொல்லுங்க. ரெண்டு பேரும் தமிழ்தானே பேசறீங்க?”

(இங்கே அவரைக் கெட்டவராக ஒரு பக்கம் எழுதி, அடித்துவிட்டேன். டெலிபோன் நல்ல யோசனைதான். மழை நாளில் மணிச் சத்தம் மேலே கேட்பதில்லை.)

3

ஒரு நாள் பாதிச் சரிவில் தொட்டியின் சக்கரம் தடம் புரண்டது. நிமிர்த்தப் போன வீரம்மாளின் தம்பி ராயப்பன் சரிவில் தொட்டிக்குக் கீழ்ப்பக்கம் நின்றான். விஞ்சு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. அவள் பதறிப்போய் போனில் சொன்னாள்:

“வுடுங்க பாய், வுடுங்க.”

போதும், அப்படியே நிறுத்துங்கள் என்பது அவள் அர்த்தம். பாய் கடலூர் துறைமுகத்தில் பல வருஷம் சரக்கு இறக்கியவர். அங்கே ‘வுடு’ என்றால் கயிற்றைத் தளர்த்து. தளர்த்தினார். தொட்டி சறுக்கி இறங்கி ராயப்பன் காலை உடைத்தது.

காலோடு போகட்டும், உயிர் வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன். எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரமாவது வேண்டாமா?

4

யாராவது ஒருவரை வேலையை விட்டு அனுப்பச் சொன்னார் காண்ட்ராக்டர். யார் என்று எழுதித் தர வேண்டியவர் சிங்காரவேல்.

ஆஸ்பத்திரியில் ராயப்பன் அக்காவிடம் சொன்னான்: “பாய் பேரச் சொல்லிட்டு வேலையக் காப்பாத்திக்க. வுடுக்கா.”

“எந்த வுடு சொல்ற நீ?”

வலியோடு சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

“அவரு மேல பழியப் போட்டுட்டு நான் அங்க நின்னுகினு இருக்கணுமா? மாட்டேன்டா.”

5

முடிவு ஒன்று: பாய் போகிறார். (எழுதிப் பார்த்தேன். வீரம்மாள் அதில் நிற்க மறுத்துவிட்டாள்.)

முடிவு இரண்டு: வீரம்மாள் பழியை ஏற்று மண் சுமக்கப் போகிறாள். அதைப் பார்த்த பாய் –

முடிவு மூன்று: மணி திரும்ப வருகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

6

ஆகவே விஞ்சு ஷெட்டில் மூன்று பேர். சிங்காரவேல் கேட்டார்:

“நீ தப்பா சொன்னியாம்மா, இவரு தப்பா கேட்டாரா?”

“நான் சரியாத்தான் சார் சொன்னேன். அவரும் சரியாத்தான் கேட்டாரு.”

சிங்காரவேல் பாயைப் பார்த்தார்.

“அந்தம்மா சரியாத்தாங்க சொல்லிச்சு. நானும் சரியாத்தான் கேட்டேன்.”

மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில்.

“ஒரு பேர் இல்லன்னா காண்ட்ராக்டர் ரெண்டு பேரையும் அனுப்பிடுவாரும்மா.”

“ரெண்டு பேரையும் எழுதிக்குங்க சார். ஒருத்தர் பேர மட்டும் நாங்க சொல்ல மாட்டோம்.”

சிங்காரவேல் பேனாவைத் திறந்தார். அது என் பேனா. இந்தக் கதையில் வேறு பேனா கிடையாது. வாங்கி மூடி வைத்துவிட்டேன்.

பெயர் எழுதியே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், கீழே இடம் இருக்கிறது. அதுவரை அவர் கேட்டுக்கொண்டே இருப்பார், அவர்களும் அதையே சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் எழுதாதவரை இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது.