அமாவாசைத் தண்ணீர்

கால்வாய்த் தண்ணீர் தெளிவாக ஓடியது. அந்தக் கண்றாவியைச் சுகாசினி கரையில் நின்று பார்த்தாள்.

முசரவாக்கம் காலனியில் துணி துவைக்க, ஆடு மாடு குடிக்க, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கால்வாய்தான். பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையின் கழிவு இதில் விழுகிறது என்று வழக்குப் போட்டவள் காலனிக்காரி கங்கையம்மாள். நேரில் பார்த்துச் சொல்ல மூன்று பேர் குழுவைத் தீர்ப்பாயம் அனுப்பியிருந்தது. அதில் ஒருத்தி சட்டப் பேராசிரியர் சுகாசினி. பக்கத்து ஊரான கூரத்தில் கூலிக்கு நாற்று நட்டவளின் மகள். நீர் உரிமை, மனித உரிமை என்று ஜெனீவா வரை போய் முழங்கியவள். நம்ம பிள்ளை வருகிறாள், இனி கவலையில்லை என்று காலனியே நம்பியிருந்தது.

"பட்டறை ஏன் சத்தமே இல்லாம இருக்குது?" என்று கேட்டாள்.

முதலாளி குமாரவேல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "இன்னிக்கு அமாவாசை இல்லீங்களா மேடம்? தறியும் ஓடாது, பட்டறையும் ஓடாது. தேதி நீங்கதானே குடுத்தீங்க?"

அவள்தான் கொடுத்தாள். டெல்லி கருத்தரங்குக்கும் பெங்களூர் விருது விழாவுக்கும் நடுவில் ஒருநாள் ஒழிந்திருந்தது. போனைப் பார்த்தாள், குறித்துவிட்டாள். காஞ்சிபுரத்தில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அமாவாசைக்குத் தறி ஓடாதென்று. இந்தப் படித்த மேதைக்குத் தெரியவில்லை. சீ!

குமாரவேல் ராத்திரியெல்லாம் மோட்டார் போட்டுக் கால்வாயை அலசிவிட்டிருந்தான். மத்தியானம் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, குழுவுக்கு வடை பாயசத்தோடு இலை போட்டான். விவரம் தெரியாமல் அதையும் அவள் தின்றிருந்தாள். விரலில் இன்னும் நெய் வாசனை. இப்போது அவள் எழுதிய புத்தகத்தையே நீட்டி, "ஒரு கையெழுத்து மேடம்" என்று குழைகிறான். அவன் மூஞ்சியில் காறித் துப்பலாம் போலிருந்தது. அதைவிடத் தன்மேல்தான் அருவருப்பு அதிகம்.

"பாத்ததைத்தானே மேடம் எழுதணும்? தண்ணி சுத்தம்னு போட்டு முடிச்சிடலாம்" என்றார் குழுத் தலைவர் திருஞானசம்பந்தம். அப்படி எழுதினால் வழக்கு அன்றோடு செத்தது.

கங்கையம்மாள் மகளின் பள்ளிச் சட்டையை விரித்துக் காட்டினாள். வெள்ளைச் சட்டை முழுக்க அரக்கு நிறத் திட்டு. "போன வாரம் இதுல தொவச்சதும்மா. இன்னிக்கி நாளு குறிச்ச புண்ணியவான் யாரு?"

"நான்தான்."

கங்கையம்மாள் சட்டையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

சுகாசினி அறிக்கையை இழுத்து எழுதினாள்: 'ஆய்வு அமாவாசையன்று நடந்தது. பட்டறை ஓடவில்லை. நாள் குறித்தது நான். தவறு என்னுடையது. இன்று எடுத்த தண்ணீர் மாதிரியை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பட்டறை ஓடும் நாளில் முன்னறிவிப்பின்றி மறு ஆய்வு தேவை.'

"எதிர்த்தரப்பு வக்கீல் உங்க மானத்தை வாங்கிடுவாரு மேடம். இத்தனை வருஷப் பேரு!" என்றார் திருஞானசம்பந்தம்.

"வாங்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டாள். புத்தகத்தைத் தொடவில்லை.

கங்கையம்மாள் சட்டையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"நாளைக்கிப் பட்டறை ஓட்டுவானுங்க. நீ எந்த ஊர்ல இருப்ப?"

"இங்கதான். இதே கரையில."

"பாக்கலாம்" என்றாள் கங்கையம்மாள். அவள் முகத்தில் துளி நம்பிக்கை இல்லை.