புதுத் தாருக்கு அடியில் ஒரு மூடி

எங்கள் வீட்டில் சாலையும் சாக்கடையும் ஒரே கூரைக்குக் கீழே குடித்தனம் நடத்துகின்றன. என் வீட்டுக்காரர் நகராட்சியில் சாலைப் பிரிவு, நான் பாதாளச் சாக்கடைப் பிரிவு. அவர் ரோடு போடுவார், நான் தோண்டுவேன். எங்கள் கல்யாணத்திலேயே ஆபீஸ்காரர்கள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கென்ன, தினமும் சண்டை போடுவது நாங்கள்தானே.

வேலைக்குச் சேர்ந்தபோது அவர் தார் கொதிக்கும் டிரம்முக்குப் பக்கத்தில் நின்ற தினக்கூலி. அப்புறம் ரோலர் ஓட்டினார். ‘ரோலர்’ என்ற பட்டப்பெயர் அப்போது ஒட்டியது, இன்னும் விடவில்லை. நடையும் அதே வேகம்தான். பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து, தன் பிள்ளை வயதுக்காரர்களோடு உட்கார்ந்து டிப்ளமா படித்தார். பாடத்தை என்னிடம் ஒப்பித்துவிட்டுத்தான் படுப்பார். எனக்கும் பாதி டிப்ளமா கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது மேஸ்திரி. அடுத்த படி சாலை ஆய்வாளர். இடம் ஒன்று, போட்டிக்கு நின்ற மேஸ்திரிகள் இரண்டு பேர். ஆளுக்கொரு தெருவைக் கொடுத்து, தலைமைப் பொறியாளர் நேரில் பார்த்து முடிவு செய்வார் என்றார்கள். இதை விட்டால் என் வீட்டுக்காரருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். மனுஷர் அந்தத் தெருவே கதி என்று கிடந்தார். ரோட்டில் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்த்தார். பெற்ற மகள் நடக்கப் பழகியபோதுகூட அவர் இப்படிப் பார்க்கவில்லை.

ரோடு உயரும்போது எங்கள் பிரிவின் மேன்ஹோல் மூடிகளையும் உயர்த்த வேண்டும். அதற்கு இரும்பு வளையம் வைப்பார்கள். ஒரே ஒரு வளையம் வந்து சேரவில்லை, பார்வையிடும் தேதியோ முன்னால் வந்துவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் சாலைக்காரர்கள் செய்வதையே அவரும் செய்தார். மூடிமேல் தகரத்தைப் போட்டு, அதற்குமேல் தாரைப் போட்டு, எதிர்ச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஓர் அம்பு வரைந்தார். வளையம் வந்ததும் அம்புக்கு நேராகத் தோண்டிக்கொள்ளலாம்.

அதோடு விட்டாரா? பெரியவர் வருகிறாரே, சுவர் அசிங்கமாக இருக்கிறதே என்று அந்தச் சுவர் முழுக்க வெள்ளையடிக்க ஆள் வைத்தார். அடித்தவர் நல்ல வேலைக்காரர்.

பொறியாளர் வரவேண்டிய அன்று காலையில் அந்தத் தெருவின் கடைசி வீட்டு அக்கா எனக்கு போன் பண்ணினார். “மேடம், பாத்ரூம்லேர்ந்து சாக்கடைத் தண்ணி மேல வருது. வீட்ல பச்சக்குழந்தை இருக்கு, சீக்கிரம் வாங்க.”

ஆட்களோடு போனேன். அக்காவின் மகள் கைக்குழந்தையோடு கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கறுப்புத் தண்ணீர் கட்டில் காலைத் தொட்டிருந்தது. தெருவின் மேல்முனை மூடியையும் கீழ்முனை மூடியையும் திறந்து கம்பி விட்டுப் பார்த்தோம். இரண்டு பக்கமும் முட்டி நின்றது. உறிஞ்சும் லாரி வேறெங்கோ மாட்டிக்கொண்டிருந்தது, மத்தியானத்துக்கு முன்னால் வராது.

“நடுவுல இன்னொரு மூடி இருக்கணுமே மேடம்,” என்றார் என் ஆள், வழவழவென்ற ரோட்டைப் பார்த்தபடி. இது யார் கைவரிசை என்று எனக்குத் தெரியாதா? தெருவின் மறுமுனையில், நான் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தவரைக் கூப்பிட்டேன்.

“என்னங்க, நடு மூடி எங்க?”

“சுவத்துல அம்பு போட்டிருக்கேன் பாரு,” என்று கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். சுவர் பளிச்சென்று இருந்தது. “அட, நானே அடிக்கச் சொன்னேனே!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

“லாரி வர்ற வரைக்கும் வாளியில அள்ளிக் கொட்டச் சொல்றேன். நீங்க பெரியவரைப் பாத்து முடிச்சிடுங்க,” என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அந்த வேலை அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

அவர் அந்த வீட்டுக்குள் போனார். வெளியே வந்தபோது பேன்ட் கணுக்கால் வரை நனைந்திருந்தது. நேரே வந்து என் ஆளிடமிருந்து கடப்பாரையை வாங்கினார்.

முதலில் தோண்டிய இடத்தில் வெறும் ஜல்லி. அடுத்த இடத்திலும் அதேதான். ஒவ்வொரு குத்தும் என் நெஞ்சில் விழுந்தது. மூன்றாவது இடத்தில் தகரம் டங்கென்றது. மூடியைத் தூக்கிக் கம்பியை விட்டதும் அடைப்பு உடைந்து, அழுக்கு அவர் சட்டையில் தெறித்தது. “இறங்கிடுச்சு, இறங்கிடுச்சு!” என்று அக்கா வாசலில் நின்று கத்தினார்.

அதே நேரத்தில் ஜீப் வந்து நின்றது. தலைமைப் பொறியாளர் இறங்கி மூன்று பள்ளங்களையும் பார்த்தார். “புது ரோட்டை யாரு உடைச்சது?”

“நான்தான் சார், சாக்கடைப் பிரிவு,” என்று முந்திக்கொண்டேன்.

“இல்ல சார், நான்.”

“அவர் சும்மா சொல்றார் சார்.”

“நீ கொஞ்சம் வாய மூடு.”

“நீங்க ரெண்டு பேரும் யாரு?” என்றார் பொறியாளர்.

“புருஷன் பொண்டாட்டி சார்,” என்று போட்டு உடைத்தார் என் ஆள்.

பொறியாளருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “சரி, மூடிமேல தார் போட்டது?”

“அதுவும் நான்தான் சார்.” எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பொறியாளர் ரோட்டின் ஓரம் வரை நடந்து பார்த்தார். “மத்த வேலையெல்லாம் சுத்தம். ஆனா மூடிய மறைச்சவருக்கு நான் எப்படிய்யா இந்தப் பதவியக் குடுப்பேன்?” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இடம் இன்னொரு மேஸ்திரிக்குப் போனது.

அன்று சாயங்காலம் சட்டையை ஊறவைத்துக் கசக்கும்போது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “நான் உங்களக் கூப்பிடாமலே சமாளிச்சிருக்கலாம்ங்க.”

“கூப்பிடாம இருந்திருந்தா வேலை கிடைச்சிருக்கும்,” என்றார் அவர். “ஆனா அந்தக் குழந்தை இருந்த கட்டிலப் பாத்தியா? நான் போட்ட தாரால வடியாம நின்ன தண்ணி அது. அதப் பாத்துட்டு எப்படி நான் பெரியவர் முன்னால போய் நிப்பேன்?”

எவ்வளவு கசக்கியும் கறை போகவில்லை. மறுநாள் காலையில் அந்த இரும்பு வளையம் சாவகாசமாக வந்து சேர்ந்தது. புது ஆய்வாளர் ஆபீஸில் மாலை வாங்கிக்கொண்டிருந்தபோது, இவர் அந்தக் கறைச் சட்டையையே போட்டுக்கொண்டு, வளையத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, தன் ரோட்டைச் சரிசெய்யப் போய்க்கொண்டிருந்தார்.