எட்டடிக் கல்

அடுக்களையின் அலமாரிக்குப் புதுக் கதவு போடாமல் பழைய கதவுகளுக்கே பெயின்ட் அடித்து மிச்சம் பிடித்ததில்தான், புதுச் சமையல் மேடைக்கு எட்டடியில் கடப்பைக்கல் வாங்க வள்ளித்தாயால் முடிந்தது. பழைய மேடையை இடித்துவிட்டு, கல்லைப் பதிக்கும் முன்னே குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது. அருவியில் குளிக்க மதுரையிலிருந்து நாத்தனார் வீட்டில் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். நான்கு நாளும் பின்வாசல் தரையில், சாரலுக்குத் தார்ப்பாய் கட்டி, ஒற்றை அடுப்பில் குனிந்து சமைத்துப் போட்டதில் வள்ளித்தாய்க்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

கிளம்பும்போது நாத்தனார், சுவரில் சாய்த்திருந்த கல்லைத் தடவிப் பார்த்தாள்.

"இம்புட்டுப் பெரிய மேடையா மதினி? நல்லதாப் போச்சு. அடுத்த சீசனுக்கு எங்க மாமியார் வீட்டு ஆளுகளையும் கூட்டிட்டு வாரேன்."

வேன் தெருமுனை திரும்பியதும் வள்ளித்தாய் கொத்தனாரிடம் போனாள்.

"அண்ணாச்சி, கல்லை நாலடியா வெட்டிருங்க. மிச்சத்தைத் துணி துவைக்கப் போட்டுக்கிடுதேன்."