அசௌகரிய வட்டம்

ஐஸ் தண்ணீரில் கழுத்து வரை உட்காருவதற்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். எங்கள் உடல்நல மையத்தில் நின்றார்கள். கீழே மருந்துக்கடை, மாடியில் நாங்கள். முன்பக்கம் மசாஜ் அறைகள், பின்பக்கம் அந்தத் தொட்டி. அதில் உட்காரப் பழக்கும் வகுப்பை நடத்தும் ஐஸ் மேடம்தான் தொட்டிக்கு ராணி. பட்டப்பெயர் நான் வைத்ததுதான். அவருக்கும் தெரியும், பிடித்தும் இருந்தது.

"அசௌகரியத்தைக் கண்டு ஓடாதீங்க. அதோட உக்காருங்க. அங்கதான் நீங்க வளர்றீங்க" என்பார். பற்கள் தந்தியடிக்க எல்லோரும் தலையாட்டுவார்கள்.

நான் மசாஜ் செய்பவள். வருகிறவர்களை வலியை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன். கழுத்துப்பிடிப்பு ஐயா, முழங்கால் டீச்சர், இப்படி. முதுகுவலி அம்மாவும் அப்படி வந்தவர்தான். ஐஸ் மேடத்தின் செல்ல மாணவி, தொட்டியில் யாரையும்விட அதிக நேரம் தாக்குப்பிடிப்பவர் என்று பெயரெடுத்தவர். முதல் நாள் மசாஜ் படுக்கையில் குப்புறப் படுத்திருந்தவர், நான் எண்ணெயோடு பக்கத்தில் போனதும் திரும்பினார். என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். எழுந்து துண்டைச் சுற்றிக்கொண்டார்.

"வேற யாரும் இல்லையா? தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஆளுங்க தொட்டா எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

உங்க ஆளுங்க. என் கறுப்பு நிறத்தில் பிறந்த அத்தனை பேரும் அந்த இரண்டு வார்த்தைக்குள் அடக்கம். ஓனர் ஓடி வந்தார். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"கொஞ்ச நாள் நீ துவைக்கிற ரூமைப் பாத்துக்கோம்மா. விஷயம் ஆறட்டும்."

என் அறையை, வந்து சில வாரங்களே ஆன வெளுத்த பெண்ணுக்குக் கொடுத்தார். நான் துண்டு துவைத்தேன். தொழில் படித்து, பரீட்சை எழுதி, பல்லைக் கடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் சம்பாதித்த அறை அது. யாருடைய அழுக்குத் துண்டுக்கும் நான் எதிரியில்லை, ஆனால் அது என் வேலையில்லை.

அன்று கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டவர் ஐஸ் மேடம். நான் துணிகளை இயந்திரத்தில் திணித்துக்கொண்டிருந்தபோது வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"நான் இருக்கேன்மா. ஓனர்கிட்டயும் அந்த அம்மாகிட்டயும் நேருக்கு நேர் பேசுறேன். உன் ரூமை வாங்கித் தர்றது என் பொறுப்பு."

அழுகிறவரை நான்தான் தேற்ற வேண்டியிருந்தது. இருந்தாலும் நம்பினேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருடைய வகுப்பை நம்பித்தான் அந்த மையமே ஓடியது. ஓனரும் முதுகுவலி அம்மாவும் அவர் பேச்சைத் தட்டமாட்டார்கள்.

வீட்டில் சொன்னபோது பஸ் ஓட்டும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "வாய்ப்பந்தல் போடாம இருந்தா சரி."

"ஐஸ்லயே உக்கார்றவங்க. இதுக்கா பயப்படுவாங்க?" என்றேன்.

"ஐஸ் திருப்பிக் கோவிச்சுக்காது. ஆளுங்க கோவிச்சுக்குவாங்க" என்றார். அன்றிரவு முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

'கொஞ்ச நாள்' நீண்டுகொண்டே போனது. கேட்கும்போதெல்லாம் "நேரம் பாத்துட்டிருக்கேன்" என்று மழுப்பிய ஐஸ் மேடம், ஒருநாள் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். அசௌகரிய வட்டம் என்று ஒன்று நடத்தப்போகிறாராம். தொட்டியிலிருந்து எழுந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, நிறவெறி பற்றி மனம் திறப்பார்களாம். "ஓனர் வர்றார். அந்த அம்மாவும் வர்றாங்க. நீ வந்து பேசணும்."

ஒருவழியாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

மாணவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு, நீலம் பாரித்த உதடுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் மனதில் இருந்த அழுக்கைச் சொன்னார்கள். என் நிறத்து ஆட்கள் லிஃப்டில் ஏறினால் தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார் ஒருவர். சொல்லி முடித்ததும் பக்கத்திலிருந்தவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பரிசு வாங்கியவர் போல அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசியில் ஐஸ் மேடம் என் பக்கம் திரும்பினார்.

"உன் வலியைச் சொல்லும்மா. நாங்க கேக்கத் தயாரா இருக்கோம்."

"வலியைச் சொல்ல ஒண்ணுமில்ல மேடம். என் ரூமை எனக்குத் திருப்பிக் கொடுக்கணும். ஓனர் இதோ இருக்கார். வேணாம்னு சொன்னவங்களும் இதோ இருக்காங்க. நீங்க பேசுறேன்னு சொன்னீங்க. பேசுங்க."

ஓனர் காலணியைப் பார்த்தார். ஐஸ் மேடம் நெஞ்சில் கை வைத்து, வகுப்பில் பேசுகிற அதே மெல்லிய குரலில் ஆரம்பித்தார்.

"எவ்வளவு கஷ்டமா இருக்கு பாருங்க இந்த நிமிஷம். பதில் தேடி ஓடிடாதீங்க. இதோடயே உக்காருங்க. மூச்சை இழுங்க."

எல்லோரும் இழுத்தார்கள். நான் கேட்டது கேள்வி. அதை ஐஸ் தண்ணீர் மாதிரி தாங்கிக்கொண்டு, வெளியே விட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

முதுகுவலி அம்மாதான் அழுதார். எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். உடம்பெல்லாம் சில்லென்று இருந்தது. "என் மனசுல இருந்த பாரத்தையெல்லாம் இறக்கிட்டே. ரொம்ப நன்றிம்மா." சுற்றிலும் கைதட்டல்.

ஓனருக்கும் கண் கலங்கியிருந்தது. "இதை வாராவாரம் வெச்சுக்கலாம். நீயும் வந்து பேசு. துவைக்கிற வேலையோட இதுவும் உனக்கு நிரந்தரம்" என்றார்.

"பாத்தியா? உனக்குன்னு ஒரு இடம் கிடைச்சிருச்சு" என்றார் ஐஸ் மேடம்.

நான் முதுகுவலி அம்மாவின் பக்கம் திரும்பினேன். "முதுகு எப்படிம்மா இருக்கு? நாளைக்கு என்கிட்ட வாங்க. சரி பண்ணி விடுறேன்."

என் தோளிலிருந்த அவர் கை மெதுவாக இறங்கியது. "நாளைக்கா... அந்தப் பொண்ணுகிட்ட ஏற்கனவே சொல்லிட்டேனே."

"அவசரப்படுத்தாதம்மா" என்றார் ஐஸ் மேடம். "இன்னிக்கு அவங்க நிறையத் தாங்கியிருக்காங்க."

ஈரத் துண்டுகள் தரையெல்லாம் கிடப்பதை ஓனர் எனக்குக் காட்டினார். நான் ஐஸ் மேடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போதும் ஒரு வார்த்தை போதும். அவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார்.