பைய வைங்க

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பென்னலூரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் யார்மேல் கோபப்படுவது என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அண்ணன்மேலா, கொம்பையாமேலா, கடையில் கிடைக்கிற ஒரு துக்கடா போல்ட்டின் மேலா? யாரையாவது நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டால் மனசு ஆறும். திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

என் அண்ணன் பாபு வேன்களுக்கு சீட் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறான். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் பட்டறை. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வந்ததும் ஆட்களை ஏற்றிப் போகிற வேன்களும் பெருகின. சீட் கிழிந்தாலும் ஸ்பாஞ்சு அமுங்கிப்போனாலும் அண்ணனிடம்தான் கொண்டுவருவார்கள். சென்னையிலிருந்து வருகிற இன்ஜினியர்கள் பூந்தமல்லி டிராபிக்கில் மாட்டிக்கொண்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக் கழுத்தை ஒடித்துக்கொண்டு வேலை பார்ப்பதை அவன் பார்த்திருக்கிறான். 2011-ஆம் வருஷம் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. முன்சீட்டின் முதுகில் ஒரு மடக்கு டேபிள். இழுத்தால் விரிய வேண்டும், தள்ளினால் சீட்டோடு சீட்டாக ஒட்டிக்கொள்ள வேண்டும், யார் முட்டியிலும் இடிக்கக் கூடாது.

யோசனை அண்ணனுடையது. செய்துகொடுத்தவன் கொம்பையா. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சீட் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, அங்கேயே நாலைந்து பேரோடு வாடகை ரூம். அண்ணனுக்கு எப்படியோ பழக்கமாகி, ஷிப்ட் முடிந்ததும் எங்கள் பட்டறைக்கு வந்துவிடுவான்.

அவன் வந்த புதிதில் ஒரு நாள் மழை. வாசலெல்லாம் சேறு. இரண்டு கையிலும் டீ டம்ளரோடு நான் பட்டறைக்குப் போனேன். கொட்டகைக்குள் நின்றுகொண்டு அவன் பதறிப்போய்ச் சொன்னான்: "பைய வாங்க, பைய வாங்க!"

அவன் தோளில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"உன் பைய நான் இன்னாத்துக்கு வாங்கணும்? நான் இன்னா உன் வூட்டு வேலக்காரியா?"

கொம்பையா ஒரு நிமிஷம் முழித்தான். பிறகு கொட்டகை அதிரச் சிரித்தான். "சரியான ஆளுதாங்க நீங்க" என்றான். இதில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு பிடித்துப்போனது. அதற்குப் பிறகு அவன் வந்து நிற்கும்போதெல்லாம், "இன்னா, பைய வாங்கவா?" என்று கேட்பேன். "வாங்க, வாங்க, பைய வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். நான் அவன் பையை வாங்கி ஆணியில் மாட்டுவேன். எங்களுக்குள் மற்றதெல்லாம் அந்தப் பேச்சில் ஆரம்பித்ததுதான்.

அண்ணன் அவனைச் சும்மா விடமாட்டான். அவன் 'அங்கன' என்றாலும் 'சோலி' என்றாலும் விழுந்து விழுந்து சிரிப்பான். "இன்னாடா, தமிழ்தான் பேசறியா?" என்பான். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். கேலி தாங்காமல் கொம்பையா தன் ஊர் வார்த்தைகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு எங்களை மாதிரி 'இன்னா', 'கீது' என்று பேசப் பழகினான். அவன் வாயில் அது ஒட்டவே ஒட்டாது. அதற்கும் சிரித்தோம்.

எங்கள் விஷயம் அண்ணனுக்குத் தெரிந்ததும் வீடு ரெண்டாகும் என்றுதான் பயந்தேன். ஆனால் அவன் வேறு மாதிரி பேசினான்.

"தோ பாரு ஐஸு, காண்ட்ராக்ட் வேலய நம்பி உன்னக் குடுத்தா, நாளைக்கே கேட்ட மூடிட்டு ஊருக்குப் போடான்னுடுவான். இந்த டேபிள் ஆர்டர் வரட்டும். கொம்பையாவ பட்டறையில பார்ட்னரா போட்டுக்கறேன். அப்பால அம்மாகிட்ட பேசறது என் பொறுப்பு."

அன்றிலிருந்து அந்த டேபிள் எனக்கு வெறும் டேபிள் இல்லை. ஒவ்வொரு முறை அதை விரித்து மூடும்போதும் எங்கேயாவது சிக்குகிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

வேன் கம்பெனி மேனேஜர் சங்கரநாராயணன் சாம்பிள் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார். அவருக்குப் பிடித்துவிட்டால் அவர்களுடைய வேன் எல்லாவற்றுக்கும் எங்கள் டேபிள். அண்ணன் இருப்புக் கொள்ளாமல் திரிந்தான். இதற்கு நடுவில் ஓசூரில் ஒரு பெரிய சீட் கம்பெனி கொம்பையாவை வேலைக்குக் கூப்பிட்டது. அவன் போகமாட்டேன் என்றுதான் சொன்னான். ஆனாலும் அண்ணனுக்கு உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. "பெரிய கம்பெனிக்காரன் சும்மாவா கூப்புடுவான்?" என்று என்னிடம் கேட்டான்.

அன்று காலையில் அண்ணன் சங்கரநாராயணனைக் கூட்டிவர ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தான். டேபிளைத் தாங்குகிற இரும்புக் கைக்கு ஒரு பின் வேண்டும். நெருப்பில் போட்டுக் கெட்டியாக்குவதற்குக் கொடுத்த இடத்திலிருந்து அது வரவில்லை. கொம்பையா போன் மேல் போன் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு சாதாரண போல்ட்டை மாட்டினான். லேப்டாப்பைத் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. இதை அண்ணன் காதில் போடுவதற்குள் மேனேஜரும் அண்ணனும் சேர்ந்தே வந்து இறங்கிவிட்டார்கள். பெரிய மனுஷர் எதிரில் எப்படிச் சொல்வது?

டேபிள் மாட்டிய வேன் வாசலில் நின்றது. சங்கரநாராயணன் உள்ளே உட்கார்ந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து டேபிளை இழுத்தான். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விரிந்தது. "பரவால்லயே" என்றார் அவர். டீத் தட்டோடு வெளியே நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

அண்ணன் அவருடைய லேப்டாப்பை வாங்கி டேபிளின்மேல் வைக்கப் போனான். பின்சீட்டில் குனிந்து நின்ற கொம்பையா முகம் வெளுத்துப்போய்ச் சொன்னான்:

"அண்ணே, பைய வைங்க! பைய!"

அண்ணனின் கை நின்றது. காலடியில் ஸ்பானர், சுத்தியல் எல்லாம் போட்ட கறுப்புப் பை கிடந்தது. அண்ணன் அதைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு பெருமை வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டான். "லேப்டாப் என்ன சார், இத பாருங்க" என்று பையைத் தூக்கி டேபிளின்மேல் டமாலென்று வைத்தான்.

போல்ட் முறிந்தது. டேபிள் தொங்கியது. பை நேராக சங்கரநாராயணனின் காலில் விழுந்தது. "ஐயோ அம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கட்டை விரல் நகம் பெயர்ந்து ரத்தம். "ஒரு பையத் தாங்காத டேபிள நம்பி என் வேன்ல ஆள ஏத்தச் சொல்றீங்களா?" என்று நொண்டிக்கொண்டே ஆட்டோ ஏறிப் போனார். நான் வைத்திருந்த டீ அப்படியே இருந்தது.

ஆட்டோ திரும்பியதுதான் தாமதம், அண்ணன் கொம்பையாவின் சட்டையைப் பிடித்தான்.

"பைய வைன்னு சொன்னியா இல்லியாடா?"

"சொன்னேன்! அதத்தான சொன்னேன்! நீங்க எதுக்குப் பைய வைக்காம டமார்னு போட்டீங்க?"

"நீ சொன்னதாலதான்டா வெச்சேன்! போல்ட்ட யாரு மாத்துனது?"

"நான்தான் மாத்துனேன். பின்னு வரல. அதனாலதான பைய வைங்கன்னு சொன்னேன்!"

"கேட்டுகினியா ஐஸு? போல்ட்டயும் மாத்திட்டு, பையவும் வெக்கச் சொல்லிகிறான். அவன் வாயாலயே சொல்றான் பாரு! ஓசூர்காரன் எவ்ளோ குடுத்தான்டா உனக்கு?"

கொம்பையாவின் முகம் செத்துப்போனது. ஆணியில் மாட்டியிருந்த தன் பையை எடுத்துக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை இருங்காட்டுக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் எனக்காகக் காத்திருந்தான். "ஒங்க அண்ணனுக்கு என்னைய மாப்பிள்ளையா ஏத்துக்கிட மனசில்ல. அத நேரா சொல்லியிருக்கலாம். வேணும்னே போட்டு ஒடச்சாரு" என்றான். நான் அண்ணனை விட்டுக்கொடுப்பேனா? "எங்க அண்ணனப் பத்திப் பேசற வாய்க்குச் சோறு கிடைக்காது, போ!" என்று ரோட்டில் நின்று கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் போய்விட்டான். அடுத்த மாசமே ஓசூர் கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும், "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றான் அண்ணன். நானும் ஆமாம் என்றேன்.

எனக்கு மோகனோடு கல்யாணம் ஆயிற்று. நல்ல மனுஷன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அண்ணன் பிறகு டேபிள் பேச்சையே எடுக்கவில்லை. மறுபடி சீட் தைக்கப் போனான்.

இப்போது 2015. நான் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறேன். போன மாசம் எங்களுக்குப் புதுப் பஸ் விட்டார்கள். ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் மடக்கு டேபிள். எவனோ செய்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும். போன செவ்வாய்க்கிழமை, எரிச்சலோடு எரிச்சலாக, டேபிளை இழுத்து டிபன் பாக்ஸை ணங்கென்று வைத்தேன். பக்கத்தில் மாரிசெல்வி. தெற்கேயிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பெண். தூங்கிக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டு விழித்தாள்.

"யக்கா, பைய வைங்கக்கா."

அதே வார்த்தை. மடியில் இருந்த என் கைப்பையை எடுத்து டேபிளின்மேல் வைத்தேன். "வெச்சிட்டேன். இப்ப இன்னா?"

மாரிசெல்வி என்னை விநோதமாகப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, அந்தப் பை இல்லக்கா! பையன்னா மெதுவா. எங்க ஊருல அப்படித்தான் சொல்லுவோம். பைய வாங்க, பைய போங்க, பைய வைங்க. மெதுவா வைங்கன்னு சொன்னேன்."

நான் வேலைக்குப் போகவில்லை. அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் பென்னலூர் போனேன். அண்ணன் மிஷினில் உட்கார்ந்திருந்தான். சொன்னேன். ஊசி ரெக்சினில் குத்தியபடியே நின்றுவிட்டது.

"மெதுவா வைன்னா சொன்னான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். "மெதுவா வைன்னா சொன்னான்?"

கொம்பையாவின் பழைய ரூம்காரன் அந்தோணிராஜ் இன்னும் இருங்காட்டுக்கோட்டையில்தான் இருக்கிறான். அண்ணன் அவனைப் பிடித்து நம்பர் வாங்கினான். ஸ்பீக்கரில் போட்டான். மணி அடித்தது.

"கொம்பையா, நான்பா. பென்னலூர் பாபு."

"சொல்லுங்கண்ணே" என்றான். குரல் மாறவே இல்லை. அண்ணன் உளறிக் கொட்டினான். பை, மெதுவா, தெரியாதுப்பா, எங்க ஊர்ல அப்டி சொல்ல மாட்டோம்பா, நீ வெயிட்ட காட்டச் சொல்றன்னு நான் நெனச்சிகினேன், சத்தியமா தெரியாதுப்பா. சொல்லிக்கொண்டே அழுதான். என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை.

"வெளையாடாதீங்கண்ணே" என்றான் கொம்பையா. "ஒங்களுக்கா தெரியாது? ஐஸ்வர்யாதான் தெனமும் கேக்குமே, பைய வாங்கவா, பைய வாங்கவான்னு? மொத நாளே நான் சொன்னத அப்படியே திருப்பிப் போட்டு என்னையக் கேலி பண்ணிச்சே. நான் பேசுததுலயே அது ஒண்ணுதான் ஒங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன். அதனாலதான் அன்னைக்கு அந்த வார்த்தையச் சொன்னேன். மேனேஜருக்குப் புரியாது, ஒங்களுக்குப் புரியும்னு."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் அந்த ஆணியைப் பார்த்தேன். அதில் இப்போது அளவு டேப் தொங்குகிறது.

"ஐஸு இங்கதான்பா கீது. பேசறியா?"

போனில் ஒரு குழந்தை அழுதது. யாரோ ஒரு பெண் அதைச் சமாதானப்படுத்தினாள்.

"வேண்டாம்ணே. நல்லா இருக்குல்லா?"

"நல்லாத்தான் கீது."

"சரிண்ணே. வச்சிருதேன்."

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அண்ணன் பட்டறை வாசல்வரை வந்தான். "பொறுமையா போம்மா" என்றான். எங்கள் பக்கம் 'பைய' என்பதற்கு அதுதான் வார்த்தை. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.